29 இன்டர்செப்ஷன் போதுமா? டரெல் ரீவிஸ் பற்றி

2023 பிப்ரவரி 10, காலை (கேள்வி)

நேற்று ராத்திரி அமெரிக்கக் கால்பந்து (NFL) ஜாம்பவான்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம் பட்டியல் வந்தது. ஒரே பட்டியலில் மூன்று கார்னர்பேக் (பந்தைப் பிடிக்க ஓடுகிற எதிரணி ரிசீவரை மறிப்பவர்). கென் ரைலி 65 இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது) எடுத்தவர், இறந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது, இப்போதுதான் கூப்பிடுகிறார்கள். ரோண்டே பார்பர் 47, தகுதி பெற்று ஆறாவது வருஷம். டரெல் ரீவிஸ் வெறும் 29, அவருக்கு மட்டும் முதல் வருஷமே கதவு திறந்துவிட்டது. நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு ஆடினால் எல்லாம் நடக்கும் போலிருக்கிறது. ரீவிஸ் ரசிகர்கள் யாராவது நியாயப்படுத்த முடியுமா?

2023 பிப்ரவரி 10, மதியம்

முடியும். அந்த 29-ஐ வைத்தே முடியும்.

2010-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் ரீவிஸ் எடுத்த இன்டர்செப்ஷன் பூஜ்யம். அதே வருஷம் அவர் ஆல்-புரோ (வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள்) முதல் அணியில் இருந்தார். பந்தையே பிடிக்காத ஆளை நாட்டிலேயே சிறந்த கார்னர் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றால், வாக்களித்தவர்கள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அவர் பக்கம் பந்தே வரவில்லை, அவ்வளவுதான். வராத பந்தை யாரும் பிடிக்க முடியாது.

அதற்குக் காரணம் 2009. அந்த வருஷம் எதிரணியின் முதல் ரிசீவர் எங்கே போய் நின்றாலும் ரீவிஸும் அங்கே போய் நின்றார். பெரும்பாலும் பின்னால் உதவிக்கு சேஃப்டி (கடைசித் தடுப்பாளர்) கிடையாது. ஆண்ட்ரே ஜான்சன் 4 கேட்ச், 35 யார்டு. ராண்டி மாஸ், முதல் ஆட்டத்தில் 4 கேட்ச், 24 யார்டு. டெரல் ஓவன்ஸ் 3 கேட்ச், 13 யார்டு. ரெஜ்ஜி வெய்ன் 3 கேட்ச், 33 யார்டு. கரோலினாவின் ஸ்டீவ் ஸ்மித் ஒரே ஒரு கேட்ச், 5 யார்டு. சாட் ஓச்சோசிங்கோவை அடுத்தடுத்து இரண்டு வாரம் சந்தித்தார்கள், இரண்டிலும் ஒரு கேட்ச்கூட இல்லை. இவர்கள் யாரும் சோப்ளாங்கிகள் இல்லை. அந்தப் பத்தாண்டின் பெரிய ரிசீவர்களைப் பட்டியல் போட்டால் பாதிப் பேர் இவர்கள்தான்.

"ரீவிஸ் தீவு" என்று பெயர் வந்தது இதனால்தான். அந்தத் தீவில் அவரும் ரிசீவரும் மட்டும். படகு வராது.

2023 பிப்ரவரி 10, இரவு

ஒரு திருத்தம். ஓச்சோசிங்கோ விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். 2010 ஜனவரி 3 அன்று, லீக் சுற்றின் கடைசி ஆட்டத்தில்தான் பூஜ்யம். ஜெட்ஸ் 37-0 என்று ஜெயித்த ஆட்டம். அடுத்த வாரம் பிளேஆஃப் என்கிற நாக்-அவுட் சுற்றில் அவர் 2 கேட்ச், 28 யார்டு எடுத்தார். அந்த ஆட்டத்தில் ரீவிஸ் ஒரு இன்டர்செப்ஷனும் எடுத்தார். வாதம் மாறவில்லை, ஆனால் எண் எண்தான்.

2023 பிப்ரவரி 11

"பந்து வரவில்லை என்பதையெல்லாம் எப்படி நம்புவது, டிவியில் அப்படி ஒன்றும் தெரியவில்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள். டிவியில் தெரியாது. கேமரா பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக்கையும் முன்வரிசையையும் பார்க்கும். பந்து கிளம்பிய பிறகுதான் ரிசீவர் பக்கம் திரும்பும். பந்து போகாத கார்னர் அந்தப் படத்திலேயே இருக்க மாட்டார்.

நான் இதைப் புரிந்துகொண்டது 2009 நவம்பர் 29 அன்று, பழைய ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில். கரோலினா ஆட்டம். மேல் அடுக்கில், மைதானத்தின் முனையான எண்ட் ஸோனுக்குப் பின்னால் மலிவான டிக்கெட். அங்கிருந்து பார்த்தால் மைதானம் நீளவாக்கில் விரிந்து கிடக்கும், எல்லாரும் தெரிவார்கள். முதல் கால் மணி நேரம் எல்லாரையும் போல பந்தைத்தான் பார்த்தேன். அப்புறம் கூட வந்த நண்பர், "பந்தை விடு, 24-ஐப் பார்" என்றார். அதிலிருந்து ஆட்டம் முடியும்வரை 24-ஐயும் (ரீவிஸ்) 89-ஐயும் (ஸ்டீவ் ஸ்மித்) மட்டும்தான் பார்த்தேன்.

ஸ்டீவ் ஸ்மித் குள்ளமான ஆள், ஆனால் முரட்டு ஆள். ரீவிஸ் அவருக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறார். முழங்கால் மடங்கி, உடம்பு லேசாக முன்னால் சாய்ந்து, கைகள் இடுப்புக்குப் பக்கத்தில். ஸ்மித் தோளை இடப்பக்கம் வெட்டுகிறார், ரீவிஸ் அசையவில்லை. தலையை ஆட்டுகிறார், அதற்கும் அசைவில்லை. கண் இடுப்பிலேயே இருக்கிறது. இடுப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் போக முடியும். ஸ்மித் கிளம்பியதும் ரீவிஸின் ஒரு கை மட்டும் அவர் நெஞ்சில் ஒரு தட்டு தட்டுகிறது. பிடிப்பதில்லை, தட்டுவதுதான். அந்தத் தட்டில் ஸ்மித்தின் ஓட்டம் ஓர் அடி வெளிப்பக்கம் நகர்கிறது. அதன்பின் தோளோடு தோள் வைத்து ஓடிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக் கோட்டுப் பக்கம் ஒதுக்குகிறார். இருபது யார்டு போவதற்குள் ஸ்மித்துக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அந்த இடத்தில் பந்தைப் போடவே முடியாது. குவார்ட்டர்பேக் நிமிர்ந்து பார்க்கிறார், வேறு பக்கம் திரும்புகிறார்.

கோடு அவருடைய இரண்டாவது ஆள். உதவிக்கு சேஃப்டி இல்லாதவருக்கு அந்தச் சுண்ணாம்புக் கோடுதான் சேஃப்டி.

அன்று ரீவிஸ் இரண்டு இன்டர்செப்ஷன் எடுத்தார், ஒன்றை எண்ட் ஸோன்வரை ஓடியே கொண்டுபோய் டச்டவுன் ஆக்கினார். அரங்கமே எழுந்து கத்தியது அதற்குத்தான். எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்த ஒரு முழம்.

2023 பிப்ரவரி 13

நேற்று சாம்பியனைத் தீர்மானிக்கிற சூப்பர் பௌல் ஆட்டம் பார்த்திருப்பீர்கள். 35-35, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, மூன்றாவது டவுன் (முயற்சி). ஈகிள்ஸ் கார்னர் ஜேம்ஸ் பிராட்பெரிமேல் நடுவர்கள் ஹோல்டிங் (ரிசீவரைப் பிடித்து இழுக்கிற தவறு) கொடியை வீசினார்கள். கான்சஸ் சிட்டி நேரத்தைக் கரைத்து, ஃபீல்டு கோல் அடித்து 38-35. ஊரே நடுவர்களைத் திட்டுகிறது. பிராட்பெரி மட்டும் திட்டவில்லை. ஜெர்சியை இழுத்தது உண்மைதான், கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். ஆனால் இந்த வேலையின் கொடுமையைப் பாருங்கள். வருஷம் முழுக்க நன்றாக ஆடியவர். இனி அவர் பெயரைச் சொன்னால் அந்த ஒரு இழுப்புதான் வரும்.

அவரும் 24-ஆம் எண்தான்.

2023 பிப்ரவரி 13, மாலை

"தொட்டாலே ஃபவுலா?" என்ற கேள்விக்கு: ஆட்டம் தொடங்குகிற கோட்டிலிருந்து 5 யார்டுவரை தட்டலாம், தள்ளலாம். அதற்கு மேல் கூடாது. 1978-இல் வந்த விதி. அதற்கு முன் ஒரு காலத்தில் பந்து கிளம்பும்வரை ரிசீவரை வழியெல்லாம் இடித்துக்கொண்டே போகலாம். பிட்ஸ்பர்கின் மெல் பிளவுண்ட் அப்படி இடித்தே ரிசீவர்களை ஒழித்துக்கட்டினார். விதிக்கே அவர் பெயரை வைத்துத்தான் இன்றும் பேசுகிறார்கள். பிளவுண்ட் காலத்து கார்னருக்கு இருந்த ஆயுதம் ரீவிஸுக்கு 5 யார்டு மட்டும்தான். ரிசீவருக்குத் தான் எங்கே திரும்பப்போகிறோம் என்று தெரியும், கார்னருக்குத் தெரியாது. ஒருவர் முன்னால் பார்த்து ஓடுகிறார், மற்றவர் பின்பக்கமாக ஓடித் தொடங்குகிறார். இந்தக் கணக்கில் கார்னர் ஜெயிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

2023 பிப்ரவரி 19

அலிக்விப்பா பற்றி யாரும் பேசவில்லையே. ரீவிஸைப் புரிந்துகொள்ள அந்த ஊர் வேண்டும்.

பிட்ஸ்பர்குக்கு வடமேற்கே ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிற உருக்காலை ஊர். ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் ஆலை கட்டிய ஊர் என்றே சொல்லலாம். 1980-களில் ஆலை படுத்தது, ஊரும் படுத்தது. 2010 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 10 ஆயிரத்துக்கும் கீழே. அந்தச் சின்ன ஊர்ப் பள்ளியிலிருந்து ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள்: மைக் டிட்கா, டை லா, இப்போது ரீவிஸ். டை லாவும் கார்னர். 2004 ஜனவரியில் பேட்டன் மேனிங்கிடமிருந்து ஒரே ஆட்டத்தில் மூன்று இன்டர்செப்ஷன் எடுத்தவர்.

2003 மாநில இறுதி ஆட்டத்தில் பள்ளிப் பையன் ரீவிஸ் ஐந்து டச்டவுன் எடுத்தார். அலிக்விப்பா 32-27 என்று ஜெயித்தது. பந்து கையில் கிடைத்தால் என்ன செய்வார் என்று அப்போதே காட்டிவிட்டார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் பண்ட் ரிட்டர்ன் (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடுவது) ஓடியவர்தான். அப்படிப்பட்டவர் தொழிலுக்கு வந்து, பந்தே வராத பக்கத்தில் நின்று பெயர் வாங்கினார். இது சாதாரண மனமாற்றம் இல்லை.

2023 பிப்ரவரி 26

பணம். இதைப் பேசாமல் தப்பிக்க முடியாது என்று தெரியும்.

2007 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்களை வரிசைப்படி எடுக்கிற தேர்வில், ஜெட்ஸ் வரிசையில் மேலே ஏறி வந்து 14-ஆவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் பயிற்சி முகாமுக்கே ஒப்பந்தத் தகராறில் தாமதமாக வந்தார். 2010-இல் திரும்பவும் 36 நாள் வரவில்லை. வந்தபோது நான்கு வருஷத்துக்கு 4.6 கோடி டாலர், அதில் 3.2 கோடி உத்தரவாதம்.

அந்த 36 நாளும் எனக்கு எரிச்சலாக இருந்தது. பயிற்சியாளர் ரெக்ஸ் ரயன் ஊரெல்லாம் இவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார், அணி நன்றாக இருக்கிறது, இந்த நேரத்திலா பேரம் என்று நினைத்தேன். நண்பர்களிடம் "பேராசை" என்ற வார்த்தையையே சொன்னேன்.

2012 செப்டம்பர் 23, மயாமி. யாரும் இடிக்கவில்லை, யாரும் மேலே விழவில்லை. ஒரு ஆளைத் துரத்திக் கால் வைத்தார், இடது முழங்கால் மடங்கியது. உள்ளே தசைநார் அறுந்தது, அந்த வருஷம் போச்சு. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் தோன்றியது "நல்லவேளை, அந்த 36 நாள்". அன்று அந்த வார்த்தையை விழுங்கினேன். இந்த லீக்கில் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற தொகை வேறு, கைக்கு வருகிற தொகை வேறு. கால் போனால் அணி ஆளைக் கழற்றிவிடும், உத்தரவாதம் போட்ட பணம் மட்டும்தான் மிஞ்சும்.

இது அவருக்கு வீட்டிலேயே கிடைத்த பாடம். மாமா ஷான் கில்பர்ட் 1997-இல் பணத்துக்காக முழு வருஷம் ஆடாமலே உட்கார்ந்தவர். ஆலை மூடினால் தொழிலாளிக்கு என்ன மிஞ்சும் என்று ஊரும் சொல்லிக்கொடுத்திருக்கும்.

2023 மார்ச் 12

"கூலிக்கு அணி அணியாகப் போனவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். போனார் என்பதைவிட அனுப்பப்பட்டார் என்பதுதான் பாதி உண்மை. 2013-இல் ஜெட்ஸ் அவரை டாம்பா பேவுக்கு மாற்றிவிட்டது. ஆறு வருஷம், 9.6 கோடி, உத்தரவாதம் ஒரு காசு இல்லை. ஒரே வருஷத்தில், 2014-இல் இதே மார்ச் 12 அன்று, டாம்பா கழற்றிவிட்டது. மாமா கதையிலிருந்து கற்றுக்கொண்டவரே உத்தரவாதமில்லாமல் கையெழுத்துப் போட்டது ஏன் என்று யோசித்திருக்கிறேன். வருஷத்துக்கு 1.6 கோடி என்பது அவர் தன்மேல் வைத்த நம்பிக்கை என்றுதான் நினைக்கிறேன்.

உடனே நியூ இங்கிலாந்து, ஒரு வருஷம், 1.2 கோடி. அங்கேதான் அவருக்குக் கிடைத்த ஒரே சூப்பர் பௌல், 2015 பிப்ரவரி 1, சியாட்டிலுக்கு எதிராக 28-24. ஜெட்ஸ் ரசிகனாக அது வலித்தது, மறைக்க என்ன இருக்கிறது. அந்த ஆட்டத்தில் டக் பால்ட்வின் எடுத்த டச்டவுன் ரீவிஸைத் தாண்டித்தான் வந்தது. ஓடுகிற வழியில் நடுவர் ஒருவர் குறுக்கே நின்றார், ரீவிஸ் அவர்மேல் மோதி நின்றுவிட்டார். பால்ட்வினுக்கு அன்று கிடைத்த ஒரே கேட்ச் அது. கடைசியில் ஆட்டத்தைக் காப்பாற்றியதும் ஒரு கார்னர்தான், ஆனால் இவரில்லை. டிராஃப்டில் யாருமே எடுக்காத மால்கம் பட்லர், கோல் கோட்டில் ஒரு பந்தைப் பறித்தார். சாம்பியன் மோதிரம் இருவருக்கும் ஒன்றுதான். ஞாபகம் பட்லருக்கு.

2023 மார்ச் 12, பின்குறிப்பு

அடுத்த வருஷமே ஜெட்ஸ் திரும்பக் கூப்பிட்டது. ஐந்து வருஷம், 7 கோடி, உத்தரவாதம் 3.9 கோடி. இந்த முறை அவர் எதையும் விட்டுவைக்கவில்லை.

2023 ஏப்ரல் 2

நல்லதையே எழுதுகிறேன் என்ற புகார் நியாயமானது. கெட்டதும் இருக்கட்டும்.

2010 செப்டம்பர் 19, புது ஸ்டேடியம். 36 நாள் கழித்து வந்தவர், இரண்டாவது ஆட்டம். மாஸ் நேரே ஓடுகிறார், ரீவிஸ் பக்கத்தில். திடீரென்று ஒரு நொண்டல். தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டது. மாஸ் ஒற்றைக் கையில் பந்தைப் பிடித்து டச்டவுன். பயிற்சி முகாமில் இருந்திருந்தால் தசை பிடித்திருக்காதோ என்று அன்று எல்லாரும் கேட்டோம். பாதி மாஸின் திறமை, பாதி அந்த 36 நாள். பணம் பற்றி மேலே எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது.

பிறகு 2016. வயது 31. முதல் ஆட்டமே சின்சினாட்டி, ஏ. ஜே. கிரீன் 12 கேட்ச், 180 யார்டு. அதில் ஒரு நீளமான டச்டவுன், ரீவிஸ் இரண்டடி பின்னால். அந்த இரண்டடியை எத்தனையோ வருஷம் நான் பார்த்ததே இல்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று அந்த வருஷம் அவரே சொன்னார். கார்னருக்கு வயது முதலில் வருவது காலில் இல்லை, திரும்புகிற இடுப்பில். 2017-இல் ஜெட்ஸ் விட்டது, கான்சஸ் சிட்டிக்கு ஐந்து ஆட்டம், 2018 ஜூலையில் ஓய்வு. 11 வருஷம்.

2023 ஏப்ரல் 16

என் மகன் விஷயம். இதை எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

அவன் பள்ளி அணியில் கார்னர். போன அக்டோபரில் ஒரு ஆட்டம். அவன் பக்கம் பந்து வந்தது ஒரே ஒரு முறை, கடைசிப் பகுதியில். அவன் திரும்பியது அரை நொடி தாமதம், டச்டவுன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெற்றோர் "அந்தப் பையன் என்னதான் பண்றான்" என்றார். அந்தப் பையன் என் பையன் என்று அவருக்குத் தெரியாது.

வீடு திரும்பும்போது காரில் பேச்சே இல்லை. அப்புறம் அவனே கேட்டான்: "அப்பா, மத்ததெல்லாம் பாத்தீங்களா?" நான் பார்த்தேன் என்றேன். உண்மையில் பாதிதான் பார்த்தேன். ரீவிஸை ஒரு ஆட்டம் முழுக்கக் கண்கொட்டாமல் பார்த்தவன், சொந்தப் பிள்ளை ஆடும்போது பந்தைத்தான் பார்த்திருக்கிறேன். அதன்பின் அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த ஆட்டங்களில் எண்ட் ஸோன் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

2023 மே 7

கென் ரைலிக்கு நான் நியாயம் செய்யவில்லை. பிப்ரவரியில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "நல்ல கார்னர்மேல் பந்து வராது" என்ற என் தர்க்கத்தை நீட்டினால், 65 எடுத்தவர்மேல் நிறைய பந்து போட்டார்கள், ஆகவே அவரைப் பார்த்து யாரும் பயப்படவில்லை என்று ஆகிவிடும். அது தப்பு.

ரைலி கல்லூரியில் குவார்ட்டர்பேக், ஃப்ளோரிடா ஏ அண்ட் எம். 1969-இல் சின்சினாட்டி எடுத்து கார்னராக்கியது. எதிர்ப் பக்கம் பல வருஷம் நின்றவர் லெமார் பாரிஷ், எல்லாரும் கொண்டாடிய ஆள். பாரிஷ் பக்கம் போகப் பயந்த குவார்ட்டர்பேக்குகள் ரைலி பக்கம் போனார்கள், போய் மாட்டிக்கொண்டார்கள். குவார்ட்டர்பேக்காக இருந்தவருக்கு அடுத்தவன் எங்கே போடுவான் என்று தெரியாதா? 15 வருஷம் ஒரே அணி. கடைசி வருஷமான 1983-இல், 36 வயதில், 8 இன்டர்செப்ஷன். நட்சத்திரங்கள் ஆடுகிற புரோ பௌலுக்கு ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. 2020-இல் போய்ச் சேர்ந்தார்.

எனவே, கேள்வி கேட்டவரே, நீங்கள் பாதி சரி. ரைலி விஷயத்தில் நடந்தது அநியாயம். அந்த அநியாயத்தை ரீவிஸ் கணக்கில் எழுதியது மட்டும்தான் எனக்குச் சம்மதமில்லை. ரைலி தன் பக்கம் வந்த பந்தைப் பறித்தார், ரீவிஸ் பந்தை வீசவே விடவில்லை. ஒரே கதவில் இருவரும் நுழைவது எனக்குச் சந்தோஷம்தான்.

பார்பருக்கும் ஒரு வரி: 47 இன்டர்செப்ஷனோடு 28 சாக். கோட்டில் போய் குவார்ட்டர்பேக்கைக் கவிழ்க்கிற கார்னர். அவர் ஆட்டம் தனி வகை, அதை வேறொரு நாள் பேசுவோம்.

2023 ஆகஸ்ட் 6

நேற்று கேண்டனில் ஹால் ஆஃப் ஃபேம் விழா. நானும் மகனும் டிவியில் பார்த்தோம். பழைய ஜெட்ஸ் ஆட்டக்காரர் ஜோ கிளெக்கோவும் அதே பட்டியலில் இருந்ததால் ஒஹாயோவிலும் பச்சைச் சட்டைக் கூட்டம். ரைலிக்காக அவர் குடும்பம் நின்றது. அப்போது என் மகன் போனைக் கீழே வைத்துவிட்டான்.

பள்ளியில் பயிற்சி தொடங்கப்போகிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு "அப்பா, நீங்க ரிசீவர்" என்றான். வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில், ஒரு பக்கம் புல்வெளி ஓரம்தான் கோடு. மூன்று முறை ஓடினேன். முதல் முறை புல்லில் தள்ளிவிட்டான். இரண்டாவது முறை உள்பக்கம் திரும்பப் பார்த்தேன், தோள் குறுக்கே வந்தது. மூன்றாவது முறை நெஞ்சில் ஒரு தட்டு, அவ்வளவுதான், திரும்பவும் புல்.

பந்து எங்கே என்று அப்புறம்தான் தேடினோம். கொண்டுவரவே இல்லை, கராஜில் இருந்தது.